கலப்பத்து அடித்த கார்

என் பெரியவாப்பா காஜா நஜ்முதீன் நல்ல மெக்கானிக் என்று யாராவது சொன்னால், சொன்னவரிடம் வண்டி ஏதும் இல்லை என்று அர்த்தம். வண்டி வைத்திருப்பவர்கள் அவரைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்கள். செயின் கொஞ்சம் சத்தம் போடுகிறது என்று வாய்தவறிச் சொன்ன பால்காரர், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வரிச்சிக்குடி வரைக்கும் நடந்துபோனார். பெரியவாப்பா வாசலில் நின்று, "நாளைக்குக் கொண்டாங்க, மிச்சத்தையும் பாத்துடலாம்" என்று கத்தினார். அதற்கப்புறம் பால்காரர் எங்கள் தெருவுக்கே வரவில்லை. பாக்கெட் பால்தான்.

பெரியவாப்பா என் உம்மாவின் லாத்தா, அதாவது அக்கா, கைருன்னிஸாவைக் கட்டியவர். எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். எங்கள் குடும்பங்களில் வீடு பெண்பிள்ளைக்கு. நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குக் குடிவருவார். வருகிறவருக்கு மரியாதை பலமாக இருக்கும். ஆணத்தில் பெரிய கறித்துண்டு அவர் தட்டுக்குத்தான் போகும். ஆனால் ஜன்னல் திரை பச்சையா நீலமா என்று அவரை யாரும் கேட்க மாட்டார்கள். முதலில் மாமியார் முடிவு செய்வார், மாமியார் மௌத்தானபின் பெண்டாட்டி முடிவு செய்வார், அவளுக்கப்புறம் மகள். நடுவில் மாப்பிள்ளை முடி நரைத்து, பல் விழுந்து, விருந்தாளியாகவே இருந்து முடித்துவிடுவார். என் வாப்பா விவரமானவர், குவைத்தை விட்டு வருவதேயில்லை.

பெரியவாப்பாவும் வெளிநாடு போனவர்தான். ஷார்ஜாவில் ஒரு மளிகைக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். கடைக்கு நேர் எதிரே ஒரு பட்டறை. பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் ரேஸ் கார்களைப் பிரித்துப் பூட்டுகிற இடம். ஆள் வராத நேரமெல்லாம் இவர் கண் அங்கேதான் இருக்கும். கடைக்கு ஏசி போட்டிருந்ததால் கண்ணாடிக் கதவு சாத்தியே கிடக்கும். எனவே இவர் கற்றுக்கொண்ட கார் வேலை முழுக்க ஊமைப்படம். என்ன செய்தார்கள் என்று தெரியும், ஏன் செய்தார்கள் என்று தெரியாது. அங்கே ஒரு பாகிஸ்தான் பட்டாணி மெக்கானிக், நீள ஸ்குரூ டிரைவரின் முனையை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பாராம். எந்தப் பாகத்தில் இரைச்சல் என்று கண்டுபிடிக்க அது ஒரு வழி. பெரியவாப்பாவும் அதே மாதிரி கண்ணை மூடிக் கேட்பார். ஓடாத இன்ஜினில்.

"என்னங்க கேக்குது?" என்று பெரியம்மா ஜன்னல் வழியாகக் கேட்பார்.

"சும்மா இரு கைரு. கவனிக்கிறேன்ல."

"கடல் சத்தம் கேக்கும். இந்த ஊருல எதுல காத வச்சாலும் அதான் கேக்கும்."

ஊரோடு திரும்பி வந்தபின் அவர் தனக்கென்று வாங்கிய ஒரே பொருள் அந்தக் கார். கம்பெனி பேரைச் சொல்ல மாட்டேன். நல்ல கம்பெனி, நல்ல கார். அவர்கள் செய்யாத பாவத்துக்கு அவர்களை இழுப்பது நியாயமில்லை. நான் பிறப்பதற்கு முன்னால், பையன்கள் அதன் படத்தை அறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார்களாம். பார்வைக்கு நாலு கதவு வைத்த சாதாரணக் குடும்பக் கார்தான். ஆனால் மீட்டர் முள் பாதி தாண்டினால் இன்ஜினின் குரலே மாறும், முதுகு சீட்டில் போய் ஒட்டிக்கொள்ளும் என்று பெரியவாப்பா சொல்வார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் அன்றைக்குச் சாப்பிட மாட்டார்.

புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுப் பென்ஷன்காரர் வீட்டுப் பையன் வைத்திருந்த வண்டி. பையன் பிரான்சுக்குப் போனபின் மாமரத்தடியில் நின்றுவிட்டது. அதை வாங்கி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாட்டுவண்டி வேகத்தில் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். தரங்கம்பாடி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. பூவத்தில் நம் காரைக்கால் எல்லைக்குள் நுழைந்தது, நுழைந்த இடத்திலேயே புகை கக்கி நின்றது. அங்கிருந்து ஒரு டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். முன்னால் வைக்கோல், பின்னால் ரேஸ் கார், அதற்குள் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பெரியவாப்பா. தெருப் பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் கையை ஆட்டினார். ஆக, காரைக்கால் மண்ணில் அந்தக் கார் சொந்தச் சக்தியில் ஓர் அடி நகர்ந்ததில்லை.

வீட்டுக்குப் பக்கவாட்டில், தெருக்கதவை ஒட்டி இருந்த திறந்த முற்றத்தில் அதை நிறுத்தினார். அன்று முதல் அவரும் அங்கேதான். கண்ணாடி, மாத்திரை, நகவெட்டி, பழைய பாஸ்போர்ட் எல்லாம் காரின் முன்பெட்டிக்குக் குடிபோயின. மத்தியானத் தூக்கம் டிரைவர் சீட்டில். பேப்பர் படிப்பது பின் சீட்டில். விருந்தாளி வந்தால் கூப்பிடக் கதவைத் தட்ட வேண்டும், கார்க் கதவை.

இனி அவர் செய்த பராமரிப்பு. எல்லாம் தன் கையாலேயே செய்வார். பட்டறைக்காரன் தொட்டால் வண்டி கெட்டுவிடும் என்பது அவர் கொள்கை. யூடியூபில் ஒரு ரஷ்யாக்காரன் இதே காரைப் பிரித்து மாட்டுகிற வீடியோக்கள் இருக்கின்றன, அவற்றைப் பார்த்துப் பார்த்துச் செய்வார். பழக்க தோஷம், சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார்.

துருப்பிடித்த பிரேக் தட்டுகளைக் கழற்றி, புளி கரைத்த அண்டாவில் ஊறப்போட்டார். அது பரவாயில்லை, பளபளவென்று வந்தன. அண்டாதான் சமையலறைக்குத் திரும்பி வராமல் போய்விட்டது. அதன்பின் சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கையில் ஒரு ரப்பர் புஷ் மாற்ற வேண்டியிருந்தது. பட்டறையில் அதை அழுத்தி ஏற்ற ஒரு மெஷின் இருக்கும். பெரியவாப்பா சமையலறைக்குள் போய்த் தேடி, பெரியம்மாவின் இடியாப்ப அச்சை எடுத்து வந்தார்.

"ரெண்டும் அழுத்தறதுதானே?" என்றார்.

அச்சு நடுவில் பிளந்தது. பெருநாள் காலையில் எங்கள் வீட்டில் இடியாப்பம் இல்லை, உப்புமா. பெருநாளுக்கு உப்புமா தின்ற ஒரே முஸ்லிம் குடும்பம் இந்த மாவட்டத்தில் நாங்களாகத்தான் இருப்போம்.

மீன் எண்ணெய் கதை இன்னும் மோசம். அவருடைய வாப்பா தோணியில் போனவர், அவருக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படியே. உப்புக்காற்று இரும்பைத் தின்கிறது என்று கண்டதும் அவருக்குள் இருந்த தோணிக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டார்கள். படகுக்குத் தடவுகிற மீன் எண்ணெயைத் துறைமுகத்திலிருந்து டின்னோடு கொண்டுவந்து, காரின் அடிவயிறு முழுக்கப் பூசினார். துரு நின்றது, ஒப்புக்கொள்கிறேன். தெருவின் பூனைகளும் வந்து நின்றன. கார் முழுக்கப் பூனை. "மீன் எண்ணெய் இங்கே கிடைக்கும்" என்று யாரோ அட்டையில் எழுதி வைப்பரில் செருகிவிட, பாத்திரத்தோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். யார் எழுதினார்கள் என்று இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. கையெழுத்து நன்றாக இருந்தது.

ஆனால் தரையில் ஏற்கெனவே விழுந்திருந்த ஓட்டைகளை எண்ணெய் என்ன செய்யும்? கால் வைக்கிற இடத்தில் குனிந்தால் மண் தெரிந்தது. மற்றவர்கள் தகரம் வைத்து வெல்டு அடிப்பார்கள். பெரியவாப்பா கலப்பத்து அடித்தார். மரப் படகில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றி அடைப்பார்களே, அதுதான் கலப்பத்து. முற்றத்தில் அடுப்பு மூட்டி, குங்கிலியம் காய்ச்சி, உளியும் சுத்தியலுமாகக் காருக்கு அடியில் மல்லாந்து படுத்துவிட்டார். பெரிய ஓட்டைகள் முடிந்ததும் சின்ன ஓட்டைகளைத் தேடினார். தரையில் வட்டமாக, வரிசையாகச் சில இருந்தன. கதவுகளின் அடியில் சில. முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கிற பள்ளத்தின் இரண்டு மூலையிலும் ஒவ்வொன்று. ஒன்றையும் விடவில்லை. தோணிக்காரர் வம்சத்துக்கு ஓட்டை என்றால் ஓட்டைதான், அதில் நல்ல ஓட்டை கெட்ட ஓட்டை கிடையாது.

"இனிமே இத கடல்ல எறக்குனாலும் மெதக்கும்" என்று வெளியே வந்து சொன்னார். முகமெல்லாம் குங்கிலியம்.

"எறக்கிப் பாருங்களேன்" என்றார் பெரியம்மா. "நீங்க உள்ள இருக்கும்போதே."

இப்படியே போயிருந்தால் அவரும் காரும் சேர்ந்தே மண்ணாகியிருப்பார்கள். அவருடைய மகள் சஃபியாவுக்கு மாப்பிள்ளை அமைந்ததுதான் வினை.

சஃபியா லாத்தா எங்கள் வீட்டில் அதிகம் பேசாதவர். மற்றவர்கள் பேசுவதில் அவருக்கு இடம் கிடைத்ததில்லை என்றும் சொல்லலாம். மாப்பிள்ளை சஃப்வான் துபாயில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். பாஸ்போர்ட் போட்டோவில் எப்படி இருப்பாரோ அப்படியே நேரிலும் இருப்பார். வழக்கப்படி வீடு லாத்தா பேருக்கு எழுதப்பட வேண்டும், வருகிற ஜோடிக்கு ஓர் அறை கட்ட வேண்டும். அறை கட்ட இந்த வீட்டில் கீழே மிச்சமிருந்த ஒரே இடம் பக்கவாட்டு முற்றம். மாப்பிள்ளையின் வாப்பா மதார் சாகிப், இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறோம், வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வருகிறோம் என்று சொல்லியனுப்பினார்.

பெரியம்மா முற்றத்துக்கு வந்து கார் கண்ணாடியைத் தட்டினார். பெரியவாப்பா உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள இது வெளிய போயிருக்கணும்."

"தெருவுல நிறுத்திக்கறேன் கைரு."

"ஓடுற கார தெருவுல நிறுத்தலாம். ஓடாத கார நிறுத்துனா நகராட்சிக்காரன் தூக்கிட்டுப் போவான். பூனையோட சேத்து."

"ஓடும்."

"எப்ப?"

அவர் பேப்பரை மடித்து வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். "வெள்ளிக்கெழம, சம்மந்தி முன்னாடி நானே ஸ்டார்ட் பண்ணி நானே வெளிய எடுக்கறேன். எடுக்கலன்னா தலத்தெரு குஞ்சிதபாதத்த வரச்சொல்லு. என் கையால கயிறு கட்டித் தர்றேன்."

குஞ்சிதபாதம் தலத்தெருவில் காயலாங்கடை வைத்திருப்பவர். அவர் கடைக்குள் முழுதாகப் போன எதுவும் முழுதாக வெளியே வந்ததில்லை. பெரியம்மா அன்று சாயங்காலமே அவருக்குப் போன் செய்துவிட்டார். அவ்வளவு நம்பிக்கை.

அதன்பின் பெரியவாப்பா செய்த வேலையை நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். சிரிக்கலாம் என்றுதான் பார்த்தேன். இன்ஜினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, உள்ளே வெடிப்பு விட்டு ஒரு பல் நழுவிக் கிடந்த டைமிங் பெல்ட்டை எடுத்தார். மேலே இருக்கிற சக்கரமும் கீழே இருக்கிற சக்கரமும் ஒன்றுக்கொன்று கணக்காகச் சுற்ற வைக்கிற பல் வைத்த ரப்பர் பட்டை அது. புதுப் பட்டையை ஒரு பல் தள்ளி மாட்டினாலும் இன்ஜின் திணறும். இன்னும் தள்ளினால் உள்ளே இரும்பும் இரும்பும் மோதிக்கொண்டு எல்லாம் போச்சு. சஃபியா லாத்தாவின் நகப்பூச்சை வாங்கி, சக்கரங்களில் சிவப்பாக அடையாளம் வைத்தார். பட்டையை மாட்டினார். ஸ்பானர் போட்டுக் கையாலேயே மெல்லச் சுற்றினார். அடையாளம் தப்பியது. கழற்றினார். மறுபடி மாட்டினார். மறுபடி தப்பியது. நான் எதிர்பார்த்த மாதிரி அவர் ஸ்பானரை வீசவில்லை, கத்தவில்லை. போனை எடுத்து அந்த ரஷ்யாக்காரனைப் போட்டார், சத்தத்தோடு. ஒரு எழுத்துக்கூடப் புரிந்திருக்காது. ஆனால் பட்டையை இறுக்குகிற இடத்தில் அவன் கையில் டொக்கென்று ஒரு சத்தம் வந்தது. இவர் தலையைத் தூக்கினார். திரும்பப் போட்டுக் கேட்டார். பிறகு தன் பெல்ட்டைத் தளர்த்தி, அதே சத்தம் தன் கையிலும் வருகிறவரைக்கும் இறுக்கினார். சுற்றினார். சிவப்பும் சிவப்பும் நேராக வந்து நின்றன.

பிளக்குகளை மாற்றினார். டாங்கில் கிடந்த பழைய பெட்ரோலை வடித்துப் புதிது ஊற்றினார். பாட்டரி உயிரோடு இல்லாததால் வீட்டு இன்வெர்ட்டர் பாட்டரியைக் கழற்றிக்கொண்டு போனார். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போக, வீடே இருட்டில், வியர்வையில், அவரைச் சபித்துக்கொண்டிருக்கும்போது சாவியைத் திருகினார்.

ஒரு இருமல். இன்னொரு இருமல். பிறகு அது பிடித்தது.

நான் பொய் சொல்ல மாட்டேன், ஜன்னல் கம்பி அதிர்ந்தது. பூனைகள் எல்லாம் சுவரேறிக் குதித்தன. எதிர்வீட்டில் கதவு திறந்தது. அவர் மிதியைக் கொஞ்சம் அழுத்தினார், முள் பாதியைத் தாண்டியிருக்க வேண்டும், குரல் மாறியது. நிஜமாகவே மாறியது. அடிக்குரலில் முனகிக்கொண்டிருந்தது, திடீரென்று தலையை உயர்த்திப் பாடின மாதிரி. பெரியம்மா கையில் கரண்டியோடு ஓடி வந்து நின்றார். ஆணம் சொட்டுகிற கரண்டியை முந்தானையிலேயே துடைத்தார். அவர் முந்தானையில் கறை வைத்துக்கொண்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"எடுங்க பெரியவாப்பா, வெளிய எடுங்க!" என்று நான் மாடியிலிருந்து கத்தினேன்.

அவர் இன்ஜினை அணைத்தார். "வெள்ளிக்கெழம. சம்மந்தி பாக்கணும்ல."

இதுதான் அந்த மனிதர். ஜெயித்த நிமிஷத்தில் ஜெயிக்க மாட்டார். கைதட்ட ஆள் வேண்டும். வாழ்க்கை முழுக்கக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர், ஒருமுறை அந்தப் பக்கம் நின்று பிறர் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆசைப்பட்ட மாதம் ஐப்பசி.

மறுநாள் மழை பிடித்தது. வியாழன் பூராவும் ஊற்றியது. காரை மூடியிருந்த தார்ப்பாயைக் காற்று தூக்கி எதிர்வீட்டு முருங்கையில் மாட்டியது. பெரியவாப்பா கவலைப்படவே இல்லை. "நான் அடிச்ச கலப்பத்து. ஒரு சொட்டு போவாது" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. போகவில்லை.

காரின் உடம்பில் கம்பெனிக்காரன் வேண்டுமென்றே ஓட்டைகள் விட்டிருப்பான். கண்ணாடி வழியாக, கதவிடுக்கு வழியாக எப்படியும் கொஞ்சம் மழைத்தண்ணீர் இறங்கும், அது கீழே வடிந்து போகத்தான் அவை. எங்கள் வீட்டுக் காரில் அந்த ஓட்டைகள் அத்தனைக்கும் குங்கிலியம். முன்கண்ணாடிப் பள்ளத்தில் நிறைந்த தண்ணீர் வடிய வழியில்லாமல் காற்று போகிற துவாரத்தில் புகுந்து, உள்ளே இறங்கி, உள்ளேயே தங்கிவிட்டது. படகுக்குள் கடல் வரக்கூடாது என்று பார்த்தவர், மழையை உள்ளே பிடித்துவைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சம்மந்தி வந்தார்கள். மதார் சாகிப், அவர் மனைவி கமர் நிஷா. லீவில் வந்திருந்த சஃப்வான் நிக்காஹ்வுக்கு முன் உள்ளே வரக்கூடாதாம், தெருக்கதவுக்கு வெளியே குடையோடு நின்றார். தெருமுனையில் குஞ்சிதபாதத்தின் லோடு வண்டியும் நின்றது. மழை தூறலாகியிருந்தது. பெரியவாப்பா வெள்ளை ஜிப்பா, தொப்பி, அத்தர் வாசத்தோடு காரிடம் போனார்.

"சம்மந்தி, ஒரு அஞ்சு நிமிசம். வண்டிய வெளிய எடுத்துடறேன். பழைய ரேஸ் காரு. சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும், பயந்துடாதீங்க."

"எடுங்க, எடுங்க" என்றார் மதார் சாகிப்.

கதவைத் திறந்தார். முழங்கால் உயரத்துக்குத் தேங்கிய தண்ணீர் அவர் மேல் பாய்ந்தது. ஒரு மாத்திரை அட்டை மிதந்து வந்து அவர் பாதத்தில் ஒட்டியது. அதை எடுத்து ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு, அந்தத் தண்ணீருக்குள்ளேயே ஏறி உட்கார்ந்தார். இந்தக் காரின் கம்ப்யூட்டர் பெட்டி முன்சீட்டுக்காரரின் கால்மாட்டில், விரிப்புக்கு அடியில் இருக்கிறது. அது ஒரு பகல் ஓர் இரவாக முழுகிக் கிடந்திருக்கிறது. அவருக்கு அது தெரியும். தெரிந்தும் சாவியைத் திருகினார்.

இன்ஜின் மூச்சுக்கூட விடவில்லை. வைப்பர் மட்டும் தானாக ஆட ஆரம்பித்தது.

"மாஷா அல்லாஹ்" என்றார் மதார் சாகிப். "வைப்பர் நல்லா ஓடுதே."

கமர் நிஷா முக்காட்டுக்குள் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. பெரியவாப்பா மறுபடி திருகினார், மறுபடி. வைப்பர் ஆடியது. மதார் சாகிப் என்கிற அந்த மனிதருக்குக் கால் ஆணி வந்தால் நன்றாக இருக்கும் என்று மட்டும் தோன்றியது.

பெரியம்மா தெருப்பக்கம் பார்த்துக் கையைக் காட்டினார். குஞ்சிதபாதம் கயிற்றோடு வந்தார். "என்ன பாய், கார் வாங்கச் சொன்னீங்களா, கொளம் தூர்வாரச் சொன்னீங்களா?"

அப்போதுதான் கதவுக்குப் பின்னாலிருந்து சஃபியா லாத்தாவின் குரல் வந்தது. சம்மந்தி வீட்டார் முன்னால் பெண் பேசக்கூடாது. பேசினார்.

"உம்மா, கார் இருக்கட்டும்."

"நீ உள்ள போ."

"வீடு என் பேருக்குத்தானே எழுதப் போறீங்க? அப்ப இது என் வீடு. என் வீட்டு முத்தத்துல என் வாப்பாட காரு நிக்கும். அறை வேணும்னா மொட்ட மாடில கட்டிக்கலாம். சம்மதமில்லன்னா அவங்க போவட்டும்."

கமர் நிஷாவின் சிரிப்பு நின்றது. பெரியம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தான் ராணியாக இருந்த வீட்டில் அந்த நிமிஷமே ராஜ்யம் கைமாறியது அவருக்குத் தெரிந்துவிட்டது. எல்லோரும் காரைப் பார்த்தார்கள். பெரியவாப்பா ஒரு வார்த்தை, சரிம்மா என்று சொல்லியிருந்தால் போதும். கார் அங்கேயே நின்றிருக்கும்.

அவர் இறங்கினார். ஜிப்பாவைப் பிழிந்தார்.

"வேணாம்மா. காரு போவட்டும்."

"ஏன் வாப்பா?"

"வர்ற புள்ளைக்கு எடம் வேணும்ல."

"அவருக்குத்தான் வீடே இருக்கே."

"வீடு ஒனக்கு. அவருக்கு எங்க இருக்கு?" தெருக்கதவுப் பக்கம் தலையை ஆட்டினார். "ஆம்பளைக்குத் தன்னோடதுன்னு ஒரு மூல வேணும் புள்ள. ஒரு கதவு, சாத்துனா சாத்துனதா இருக்கணும். எனக்கு இல்ல, நான் இதுக்குள்ள வந்து ஒக்காந்துக்கிட்டேன். அந்தப் புள்ளையும் எதையாச்சும் வாங்கிக் கட்டிக்கிட்டு அழணுமா? மொட்ட மாடில வேணாம். மாடில நீங்க துணி காயப்போடுவீங்க, அரிசி காயப்போடுவீங்க, எந்நேரமும் ஆள் வரும். இங்க கட்டு. தெருவுக்குத் தனியா ஒரு வாசல் வை. அதுக்குச் சாவி அவர்ட்ட குடு."

பெரியம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "மொதல்ல அந்த வைப்பர நிறுத்துங்க" என்றார்.

பெரியவாப்பா சொன்னபடியே தன் கையால் கயிற்றைக் கட்டினார். ஆனால் தண்ணீரின் கனத்தில் கார் அசையவில்லை. அடியில் ஒரு ஓட்டை போடுங்க பாய், வடிஞ்சிடும் என்று குஞ்சிதபாதம் கடப்பாரையை எடுத்தார். பெரியவாப்பா அதைப் பிடித்துக்கொண்டார். "கெடக்கட்டும். எறச்சிடலாம்."

வாளி எடுத்து இறைத்தார், தோணியில் இறைக்கிற மாதிரி. வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்க முடியாதபடி மழை வேறு வந்துவிட்டதால் நானும் ஒரு வாளியை எடுத்தேன். உடம்புக்குச் சூடு பிடிக்கத்தான். பாதியில் சஃப்வான் குடையை மடித்துச் சுவரில் சாய்த்துவிட்டு, பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு, வரக்கூடாத வாசலைத் தாண்டி உள்ளே வந்து காரின் பின்னால் தோளைக் கொடுத்தார். "டேய், நிக்காஹ்வுக்கு முன்னாடி..." என்று அவர் வாப்பா ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை.

கார் நகர்ந்தது. தெருக்கதவைத் தாண்டும்போது பெரியவாப்பா குனிந்து அடிவயிற்றைப் பார்த்தார். எழுந்து, அறிமுகமில்லாத அந்தப் பையனிடம் சொன்னார்: "பாத்தீங்களா? ஒரு சொட்டு கீழ ஒழுவல."

"ஆமா மாமா" என்றார் சஃப்வான்.

அறை இப்போது எழும்பிக்கொண்டிருக்கிறது. தெருப்பக்கம் தனிக் கதவு வைத்தாகிவிட்டது. பெரியவாப்பாவின் கண்ணாடியும் நகவெட்டியும் எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜிப்பாப் பையிலேயே திரிகின்றன. பெரியம்மா, தன் வாயால், "சம்மதமா?" என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் சுவருக்கு வண்ணம் வாங்கினார். அவருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில், மாப்பிள்ளை அறைக்குக் கரண்டு வயரிங் முழுக்கத் தானே செய்யப்போவதாகச் சொல்லியிருக்கிறார். ரஷ்யாக்காரன் அதற்கும் வீடியோ போட்டிருக்கிறானாம். சஃப்வானுக்கு ஹயாத்தும் ஆயுசும் கெட்டியாக இருக்க நீங்கள் எல்லோரும் துஆ செய்யுங்கள்.